பாதி வேகத்தில் ஒரு நடுக்கம்

2024 ஜனவரி 8, திங்கள்

மாடல் ஒத்துவரவில்லை. இன்றும்.

காகிதத்தில் எல்லாம் எளிது. ஒரு நீண்ட இரும்புத் தண்டு. அதைத் தாங்க இரண்டு பேரிங். ஒரு முனையில் ஆள் உயர விசிறிச் சக்கரம், மறுமுனையில் பெல்ட் ஓடும் புல்லி. தண்டு கெட்டியானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. சுழலும்போது அது வளைகிறது, வளைந்தபடியே சுழல்கிறது, சுழன்றபடியே அதிர்கிறது. அந்த அதிர்வைக் கணக்கால் முன்கூட்டிச் சொல்வது என் ஆராய்ச்சி. ஐந்தாவது வருடம்.

கணக்கு ஒரு கோடு வரைகிறது. விசிறி வேறொரு கோடு வரைகிறது. நடுவில் நான்.

ஹாலில் அம்மாவிடம் ட்யூஷன் வந்த பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்துகிறார்கள். அவர்களுக்கு எல்லாம் ஒத்துவருகிறது.

ஜனவரி 11, வியாழன்

மில்லுக்குப் போனேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் வரை அப்பாவின் ஸ்கூட்டர், அங்கிருந்து வேடசந்தூர் வரை மில் பஸ், அவர் பக்கத்து சீட். அப்பா அந்த நூற்பாலையில் ஃபிட்டர். பஞ்சு காய்ந்தால் நூல் அறும். அதனால் ஆலைக்குள் எந்நேரமும் ஈரக்காற்று ஓட வேண்டும். அந்தக் காற்றைத் தள்ளும் விசிறியும் அதன் அறையும் அப்பாவின் பொறுப்பு. அவர் சொன்னதால்தான் மேனேஜர் என்னை உள்ளே விட்டார், பேரிங்கின் மேல் என் சென்சாரை ஒட்டவும் விட்டார்.

விசிறி ஓடும்போது அந்த அறையின் கதவைத் திறப்பது சிரமம். உள்ளிருக்கும் காற்று கதவைத் தன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முழுப் பலத்தையும் கொடுத்து இழுக்க வேண்டும். உள்ளே போனதும் அது தானாக அறைந்து மூடும். காது அடைக்கும். ஆள் பேசுவது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

தினம் காலையில் ஒரு மணி நேரம் அப்பா அதற்குள் இருக்கிறார். கிரீஸ் வைக்கிறார், பஞ்சு அடைந்த வலையைத் தட்டுகிறார். ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறார்.

வெளியே நாச்சிமுத்து அண்ணன். அப்பாவோடு வேலை செய்பவர், எரியோட்டுக்காரர். என்னைப் பார்த்தால் அவருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும்.

“என்ன டாக்டரம்மா, நாடி பாத்தாச்சா? பொழைக்குமா?”

ஜனவரி 13, சனி

பொங்கலுக்காக ஆலையை நிறுத்தினார்கள். நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். விசிறி நிற்கும்போது அதன் வேகம் படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு வேகத்திலும் தண்டு என்ன செய்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு தண்டுக்கும் அது தாங்காத வேகம் என்று ஒன்று உண்டு. அந்த வேகத்துக்குக் கீழேதான் விசிறியை ஓட்டுகிறார்கள். அதனால் பயமில்லை. ஆனால் இன்று, இறங்கி வரும் வழியில், அந்தத் தாங்காத வேகத்தின் பாதியைக் கடக்கும்போது, தண்டு நடுங்கியது. கோட்டில் ஒரு மேடு. உடனே அடங்கிவிட்டது.

என் மாடலில் அந்த இடம் தட்டை.

பிப்ரவரி 3, சனி

கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் விசிறி நின்றது. மறுபடி மேடு. அதே இடம்.

“ஊரே ஈபிக்காரன வையிது. நீ ஒருத்திதான் தாயி கும்புடுற.” நாச்சிமுத்து அண்ணன்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு கணினி முன் உட்கார்ந்தேன். பேரிங்கின் விறைப்பை மாற்றிப் பார்த்தேன். அடித்தளத்தின் விறைப்பை மாற்றிப் பார்த்தேன். சக்கரத்தின் எடையை. ஒன்றும் மேட்டைத் தரவில்லை.

பிறகு, சும்மா, தண்டில் ஒரு விரிசலை வைத்தேன்.

விரிசல் விழுந்த தண்டு ஒரு விநோதம். சக்கரத்தின் பாரத்தில் தண்டு வளைந்திருக்கிறது. விரிசல் அழுந்தும் பக்கம் வரும்போது மூடிக்கொள்கிறது. இழுபடும் பக்கம் வரும்போது திறந்துகொள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை மூச்சு விடுகிறது. மூடியபோது கெட்டி, திறந்தபோது நெகிழ்ச்சி. ஒரு சுற்றுக்குத் தண்டு இரண்டு முறை உதறுகிறது. அதனால்தான் தாங்காத வேகத்தின் பாதியிலேயே நடுக்கம்.

விரிசலை ஒவ்வோர் இடமாக நகர்த்தினேன். விசிறிச் சக்கரத்தை ஒட்டிய பேரிங்கின் இடத்துக்கு வந்ததும் இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிட்டன.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன். எழுந்து நின்று கைதட்டினேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

அப்புறம்தான் நினைவு வந்தது. அப்பா ஸ்க்ரூடிரைவரை ஊன்றுவது அந்தப் பேரிங்கில்.

பிப்ரவரி 15, வியாழன்

அப்பாவிடம் சொன்னேன். தோசையைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

“எந்த எடத்துல?”

காட்டினேன். பிட்ட தோசையைத் தட்டில் வைத்தார்.

“அது நான் போட்ட ஃபில்லிங்.”

லாக்டவுன் சமயம். பேரிங் உட்காரும் இடத்தில் தண்டு தேய்ந்துபோனது. புதுத் தண்டு கோயம்புத்தூரில் இருந்து வர வழியில்லை. அப்பா தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து மேடாக்கி, லேத்தில் ஏற்றிப் பழைய அளவுக்குக் கடைந்து, மறுநாளே விசிறியை ஓடவிட்டார். இங்கே எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான். ஆலையில் அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மேடையில் கூப்பிட்டுச் சால்வை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஹாலில் இருப்பது அதுதான்.

நான் விளக்கினேன். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பு வெந்து, சட்டென்று ஆறி, கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அந்த விளிம்பில்தான் விரிசல் பிறக்கும். சுற்றச் சுற்ற வளரும்.

“நாலு வருசமாச் சுத்துது. ஒன் கம்ப்யூட்டருக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சா?”

“வளர நாளாகும்ப்பா.”

“எங் காதுக்குக் கேக்கல.”

“காதுக்குக் கேக்குறப்ப ஒடிஞ்சிருக்கும்.”

அம்மா குறுக்கே வந்தாள். “சாப்புடுறப்ப என்னத்துக்கு இந்தப் பேச்சு?”

அவர் அதன்பிறகு தோசையைத் தொடவில்லை.

பிப்ரவரி 17, சனி

என் கைடு தாஹிரா மேடத்துக்கு போன் செய்தேன். அரை மணி நேரம் கோடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

“விரிசலைக் கண்ணால பாத்தியா நான்சி?”

“இல்ல மேடம்.”

“பேரிங் பீடம் லூசா இருந்தாலும் இதே மேடு வரும். வருமா வராதா?”

வரும். எனக்கும் தெரியும்.

“அப்ப எதை வச்சு விரிசல்னு எழுதுவ? மில்காரங்க கேஸ் போட்டா யாரு பதில் சொல்றது? ஜூலைல தீசிஸ் குடுக்கலைன்னா உன் பதிவே ரத்து. இதுல புதுசா எதையும் இழுத்துப் போட்டுக்காதம்மா.”

அவர் சொன்னதில் எதுவும் தவறில்லை. அதுதான் எரிச்சல்.

மார்ச் 2, சனி

மறுபடி கரண்ட் போனது. மேடு கீழே இறங்கியிருக்கிறது. ஜனவரியில் நடுங்கிய வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில் இப்போது நடுங்குகிறது.

தண்டு நெகிழ்ந்துகொண்டு வருகிறது.

அல்லது பீடத்தின் போல்ட் தளர்ந்துகொண்டு வருகிறது. எனக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான். போல்ட்டை முறுக்கச் சொன்னேன். அப்பா முறுக்கினார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தனவாம்.

மார்ச் 11, திங்கள்

மேனேஜர் அறை. கண்ணாடிக் கதவு, ஏசி, மேஜையில் நூல்கண்டுகள். வரைபடத்தைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை.

“என்னம்மா செய்யணும்கிற?”

“ஃபேனை நிறுத்தி அந்த பேரிங்கைக் கழட்டிப் பாக்கணும் சார்.”

“கழட்டினா அதை மறுபடி போட முடியாது, புதுசு வேணும். ரெண்டு நாளு. வெளிய என்ன வெயில்னு பாத்தியா? ஃபேன் நின்னா நூல் அறுந்து கொட்டும். டெலிவரிக்கு நான் என்ன சொல்ல, ஒரு பி.எச்டி. பொண்ணு கனவு கண்டுச்சுன்னா?” பிறகு சிரித்தார். “சரி. உங்க அப்பா சொல்லட்டும். பவுல்ராஜ் சொன்னா இந்த நிமிஷம் நிப்பாட்டுறேன்.”

கூப்பிட்டு அனுப்பினார். அப்பா வந்து நின்றார். சட்டையில் கிரீஸ். என்னைப் பார்க்கவில்லை.

“பவுலு, ஃபேன் எப்படி இருக்கு?”

“நல்லா ஓடுது சார்.”

அவ்வளவுதான். மூன்று சொல்.

பஸ்ஸில் அப்பா வேறு சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டாண்டில் இறங்கியதும் கொய்யாப்பழம் வாங்கி, உப்பு மிளகாய்த்தூள் போட்டு என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கையிலேயே வைத்திருந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

யாரிடம் போய்ச் சொல்வது?

தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு எழுதலாம். எழுதினால் முதலில் கேட்கப்படும் கேள்வி: தண்டில் வெல்டிங் வைத்தது யார்?

வீட்டில் சொன்னால் பேச்சில்லை. கல்லூரியில் சொன்னால் ஆதாரமில்லை. ஆலையில் சொன்னால் அப்பாவைக் கேட்கிறார்கள். எந்தக் கதவைத் தள்ளினாலும் அந்தப் பக்கம் அப்பா நிற்கிறார்.

மார்ச் 16, சனி

கனவில் இல்லை. பகலிலேயே பார்க்கிறேன். ஒடிந்த தண்டோடு சக்கரம் அறைக்குள் உருண்டு வருவதை. மூடிய கதவை.

மார்ச் 29, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதையில் ஆறாவது தலம் வரை அப்பா எங்களோடு முழந்தாளிட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வேலைக்குப் போனார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஒரு வழி இருக்கிறது. பத்தொன்பதாம் தேதி ஓட்டுப்பதிவு. ஆலைக்கு விடுமுறை விட்டாக வேண்டும், சட்டம். விசிறி நாள் முழுக்க நிற்கும்.

சிவப்புச் சாயச் சோதனை. தண்டைத் துடைத்துச் சிவப்புச் சாயம் அடித்து, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாக ஊறி வரும். யாருக்கும் கணக்குத் தெரிய வேண்டியதில்லை.

அப்பாவிடம் கேட்டேன்.

“பாத்துக்கிருவோம். ஆனா ஒண்ணு. கோடு வரலைன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்டுறணும். மேனேஜர்ட்டயும் போகக்கூடாது, எங்கிட்டயும் வரக்கூடாது.”

“பேரிங்கையும் கழட்டிப் பாப்போம்ப்பா. அதுக்கு அடியிலதான—”

“பேரிங்கத் தொடமாட்டேன். ஸ்டோர்ல புதுசு கெடையாது. வெளிய தெரியுறத மட்டும் பாரு.”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மையோடு போனோம். ஆலை அமைதியாக இருந்தது. அப்படி ஓர் அமைதியை அங்கே கேட்டதில்லை. கதவு ஒரு விரலுக்குத் திறந்தது.

துடைத்தோம். சாயம் அடித்தோம். ஊறும்வரை அப்பா வலையைத் தட்டினார், நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். துடைத்தோம். வெள்ளை அடித்தோம்.

பேரிங்கின் இருபுறமும் குனிந்து பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி வைத்து அடிப்பக்கம் பார்த்தேன்.

வெள்ளை. சுத்தமான வெள்ளை.

அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவரும் குனிந்தார், என்னைவிட நெடுநேரம். பிறகு துணியை எடுத்து வெள்ளையைத் துடைத்தார்.

“போவமா?”

பேரிங்கின் உள்வளையம் தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் இடம் ஒரு சாண்கூட இல்லை. வெல்டிங்கின் விளிம்பு அதற்கு அடியில்தான். அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய இடத்துக்கு வெளியே தேடிவிட்டு, பார்த்தாயிற்று என்று ஒப்புக்கொண்டேன். இந்தச் சோதனையைக் கேட்டது நான். ஒப்பந்தத்துக்குத் தலையாட்டியதும் நான்.

ஏப்ரல் 20, சனி

மேனேஜருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. “திருப்தியாம்மா? இனி வயரெல்லாம் எடுத்துரு. ஆடிட் வருது.”

சென்சாரைக் கழற்றினேன். இனி மேடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 27, சனி

விரிசல் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். பதிலுக்குப் பேரிங் பீடம் தளர்ந்திருப்பதாக ஒரு எண்ணை வைத்தேன். அந்த எண்ணை நியாயப்படுத்த எந்த அளவும் என்னிடம் இல்லை. ஜனவரி கோட்டோடு சுமாராக ஒத்துவருகிறது. மார்ச் கோட்டைச் சேர்க்கவில்லை.

தாஹிரா மேடம்: “இப்ப நல்லாருக்கு. சீக்கிரம் முடி.”

இதைத்தான் செய்யப்போகிறேனா?

காலையில் அப்பா கிளம்பும்போது வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டேன். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் திரும்பும்வரை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன். அவர் திரும்பி வரும் நேரம் வரைக்கும் எந்த வேலையும் ஓடுவதில்லை.

மே 2, வியாழன்

பஸ் ஸ்டாண்டில் நாச்சிமுத்து அண்ணன். தோளில் பூ மூட்டை, மார்க்கெட்டில் போட வந்திருக்கிறார்.

“உங்கப்பாருக்கு என்னாச்சு தாயி? ஃபேன் ரூமுக்குப் பூட்டுப் போட்டு சாவிய அர்ணாக்கயித்துல முடிஞ்சு வச்சிருக்காரு. கிரீஸ் வைக்க நான் போறேன்னாலும் விடமாட்டேங்குறாரு. ‘நீ வெளிய நில்லு, நானே பாத்துக்கிறேன்’கிறாரு. உள்ள என்ன, பொதையல் கிதையல் எடுத்துட்டாரா?”

“எப்போல இருந்துண்ணே?”

“எலெக்சன் முடிஞ்சதுல இருந்து.”

அப்படியென்றால் அவருக்குத் தெரியும்.

அவருக்குத் தெரியும். வெள்ளையை அவ்வளவு நேரம் குனிந்து பார்த்தது அதனால்தான். என்னை நம்புகிறார். நம்பிக்கொண்டு, வேறு யாரையும் உள்ளே விடாமல், தான் மட்டும் போய் அதன் பக்கத்தில் நிற்கிறார். என்னய்யா இது? என்ன நினைச்சுக்கிட்டிருக்காரு? தண்டு ஒடிஞ்சா ஒடியட்டும், தன் பேரு ஒடியக்கூடாதா? எங்கள என்னன்னு நெனச்சாரு?

வீட்டுக்கு வந்து கேட்கவில்லை. கேட்பதில்லை என்றுதானே வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மே 5, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பூசை முடிந்து வந்ததும் மூன்று பேரும் ஹாலில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தோம். தலைக்கு மேல் மின்விசிறி ஆடி ஆடிச் சுற்றியது. அப்பாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா.”

“என்னப்பா.”

“ஒண்ணுமில்ல.”

கொஞ்ச நேரம் கழித்து: “நாளையில இருந்து என்னைய ரெண்டாவது யூனிட்டுல போட்டுருக்காங்க. புது மிசின் எறக்குறாங்க. ஒரு மாசம்.”

“ஃபேனை யாரு பாக்குறது?”

ஈரத்துண்டை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டார்.

“நாச்சிமுத்து.”

மே 7, செவ்வாய்

பதினொரு மணிக்கே ஸ்கூட்டர் சத்தம். அம்மா வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுமுறை, சமையலறையில் இருந்தாள். கரண்டியோடு ஓடிவந்தாள்.

“என்னங்க, மேலுக்கு முடியலையா?”

அப்பா செருப்பைக் கழற்றினார். தண்ணீர் கேட்டார். குடித்தார்.

“ஃபேன நிப்பாட்டிட்டேன்.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நிப்பாட்டி, பெல்ட்டு அம்புட்டையும் அறுத்துப் போட்டுட்டேன். சும்மா நிப்பாட்டுனா அஞ்சு நிமிசத்துல திரும்பப் போட்டுருவாங்ய.”

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். “புத்தி பெரண்டு போச்சா ஒங்களுக்கு?”

“நேத்துச் சாவியக் குடுத்துட்டேன் மேரி. இன்னைக்குக் காலையில எதுக்கும் பாத்துட்டுப் போவம்னு போனேன். அவன் கிரீஸ் டப்பாவத் தூக்கிட்டுக் கதவ இழுத்துக்கிட்டு நிக்கிறான். காத்துப் புடிச்சுக்கிருச்சு, தெறக்க முடியல. என்னையப் பாத்துச் சிரிக்கிறான். ‘வாண்ணே, ஒரு கை போடு’ங்கிறான்.” காலி டம்ளரைக் கீழே வைத்தார். “ஒரு கை போடவாம்.”

அம்மா கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“எனக்குன்னா பரவால்லன்னுதான் இருந்தேன்.”

அதை என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “எங்களுக்குப் பரவால்லையாப்பா?” என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

மே 8, புதன்

சஸ்பெண்ட். போனில் மேனேஜர் பேசியது சமையலறை வரை கேட்டது. மகள் பேச்சைக் கேட்டுக்கொண்டு கம்பெனிச் சொத்தை அறுத்தானாம். போலீசுக்குப் போகாமல் இருப்பதே தயவாம். உள்ளே அனல், நூல் அறுந்து கொட்டுகிறதாம், ரிங் ஃப்ரேமில் நின்ற பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாளாம்.

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அப்பாவின் முகம் மாறியது.

கோயம்புத்தூரில் இருந்து புது பெல்ட் பஸ்ஸில் வருகிறது. நாளைக் காலை மாட்டிவிடுவார்கள்.

அப்புறம் எல்லாம் பழையபடி. விசிறி ஓடும். நாச்சிமுத்து அண்ணன் உள்ளே போவார். அப்பா வெளியே. அவ்வளவு செய்தும் ஒரு நாள்தான் கிடைத்திருக்கிறது.

மேனேஜருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. ஜனவரி கோட்டையும் மார்ச் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

சாயங்காலம் நாச்சிமுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல், வெல்டிங், பூட்டு எதற்கு என்பது. சிரிக்காத அவரை முதல்முறையாகக் கேட்டேன்.

“அதுக்கா அந்த மனுசன் என்னைய உள்ள விடல?”

“ஆமாண்ணே.”

“எங்கிட்டச் சொல்லிருந்தா ஆகாதா?”

“எங்கிட்டயே சொல்லலண்ணே.”

மே 9, வியாழன்

காலை: பெல்ட் வந்துவிட்டது. மாட்டுவதற்கு நாச்சிமுத்து அண்ணன் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பேரிங்கைக் கழற்றிக் காட்டினால்தான் மாட்டுவாராம். மேனேஜர் வேறு இரண்டு ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்களும் நாச்சிமுத்து அண்ணனைப் பார்த்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்களாம்.

மதியம்: கழற்றுகிறார்கள்.

மூன்று மணி: பேரிங்கை அடித்து இறக்கும்போது தண்டு அந்த இடத்தில் ஒடிந்துவிட்டது.

நாச்சிமுத்து அண்ணனிடமிருந்து போட்டோ வந்திருக்கிறது. தண்டு ஒடிந்த முகத்தில் இரண்டு நிறம். வெல்டிங் விளிம்பில் தொடங்கி உள்ளே போகும் பழைய விரிசல், கறுப்பாக, வளையம் வளையமாக. இன்று ஒடிந்தது மட்டும் பளபளப்பு. பளபளப்பு மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அதில்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

போனை அப்பாவின் கையில் கொடுத்தேன். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். சின்னதாக்கினார். மறுபடி பெரிதாக்கினார்.

“நல்லாத்தான் கடைஞ்சேன்” என்றார்.

“கடைஞ்சதுல தப்பில்லப்பா. வெல்டிங்குதான்.”

“அதையும் நாந்தான வச்சேன்.”

மே 10, வெள்ளி

தூங்கினேன். பகலெல்லாம்.

ஜூன் 12, புதன்

அப்பாவைத் திரும்ப வரச்சொல்லிவிட்டார்கள். விசிறி அறைக்கு இல்லை, கழிவுப்பஞ்சுக் கொட்டகைக்கு. அங்கே எந்த இயந்திரமும் சுற்றுவதில்லை. மேனேஜர் எதைப் பற்றியும் பேசவில்லையாம். “வா பவுலு” என்றாராம், அவ்வளவுதான். அப்பாவும் “வாரேன் சார்” என்றாராம்.

புதுத் தண்டு போட்டாயிற்று. வெல்டிங் இல்லாதது. என் சென்சாரை மறுபடி ஒட்டலாம் என்று ஆளனுப்பினார்கள்.

போனேன். நிறுத்திப் பார்த்தேன். பாதி வேகத்தில் ஒன்றுமில்லை. தட்டை.

தாஹிரா மேடம் ஒடிந்த முகத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “அந்த அத்தியாயத்தைத் திரும்பச் சேர்த்துடும்மா” என்றார். பிறகு: “நான் அன்னைக்குச் சொன்னது…”

“நீங்க கேட்டது சரிதான் மேடம். கண்ணால பாக்கலதான.”

அப்பா சாப்பாட்டில் உட்காரும்போது சட்டையில் பஞ்சுத் துகள். கிரீஸ் வாசனை இல்லை. பொரியலைத் தொட்டுக்கொண்டு, வெஞ்சனம் நல்லாயிருக்கு என்று அம்மாவிடம் சொல்கிறார். முன்பு சொன்னதில்லை. அவர் ஏதோவொன்றைக் கடைசிவரை எங்களிடம் பேசப்போவதில்லை என்று தோன்றுகிறது.

ஜூலை 7, ஞாயிறு

நாளை மறுநாள் தீசிஸைக் கொடுக்க வேண்டும்.

மத்தியானம் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த ஐந்து வருடத்தில் முதல்முறை.

“அந்த எடத்தப் படி. தமிழ்ல சொல்லு.”

படித்தேன். “இந்தத் தண்டின் பேரிங் இருக்கை முன்பு ஒருமுறை வெல்டிங் வைத்துப் பழுதுபார்க்கப்பட்டது.”

“யாரு பாத்தா?”

“இப்படித்தான்ப்பா எழுதுவாங்க. ஆள் பேர் வராது.”

“அதுவாவா பாத்துக்குச்சு?”

இந்த வாக்கியத்தில் அவர் பெயர் வரக்கூடாது என்று எத்தனை முறை திருத்தியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

“நாலு வருசம் ஓடுச்சுன்னு இருக்கா?”

“இருக்கு.”

“ஒடிஞ்சது?”

“அதும் இருக்கு. படமும் இருக்கு.”

“அப்பறம் என்ன? பேரப் போடு.”

“அப்பா, நாளைக்கு யாராச்சும் படிச்சா…”

“படிக்கத்தான எழுதுற?” கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். “ஏ பாப்பா, எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். போடு, பாக்குறேன்.”

போட்டேன். ஒவ்வொரு எழுத்தும் விழ விழப் பார்த்தார். எழுந்து நாற்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, தெருவில் யாரோ கூப்பிட, வெளியே போனார்.

விசிறியை நிறுத்தியது யார் என்று அவர் கேட்கவில்லை. “விசிறி நிறுத்தப்பட்டது” என்ற வாக்கியத்திலும் ஆள் இல்லை. அதையும் திருத்தினேன்.